குஞ்சோடு நின்ற விரால்

தை மாதக் குளிரில் நீர்த்தேக்கத்துக்கு மீன் பிடிக்கப் போகிறவனை ஊர் பைத்தியக்காரன் என்றுதான் சொல்லும். அன்று மூன்று பைத்தியக்காரர்கள் போனார்கள். சுதாகரனுக்கு மட்டும் அது விளையாட்டில்லை. எட்டாம் மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்த நாளிலிருந்து அவன் மனைவி பிரேமினி வெறும் தேத்தண்ணியில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவளாகவே, "விரால் கொழம்புன்னா ரெண்டு வாய் திம்பேங்க" என்றாள். வலப்பனையில் வயல் ஓரம் வளர்ந்தவள். விரால் அவளுக்குத் தாய்வீட்டுச் சாப்பாடு. சந்தையில் கடல்மீன்தான் கிடந்தது.

அதனால் கூட்டாளிகளைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தான். தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் றம்ஸான் தன் ஆட்டோவையும் தூண்டில்களையும் கொண்டுவந்தான். ஜெயகாந்தன் தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து, தூங்காத கண்ணோடு வந்தான். பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியவில்லை. மத்தியானம் வரை ஒரு கடிகூட இல்லை. விரல்கள் மரத்துப்போயின. றம்ஸானின் நக்கல் பேச்சும் அடங்கிவிட்டது.

அப்போதுதான் ஜெயகாந்தன் புல்லோரத்தைக் காட்டினான். தண்ணீர் மேல் செம்பு நிறத்தில் ஒரு வட்டம், உலை கொதிப்பதுபோல் அசைந்தது. அத்தனையும் விரால் குஞ்சுகள்.

"கீழ தாய் நிக்குது மச்சான். குஞ்சு மேல ரப்பர் தவளையப் போடு. பசி இல்லாட்டியும் கோவத்துல கடிக்கும்" என்றான் றம்ஸான்.

தூண்டில் பிடித்த எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். மானமுள்ளவன் அதைச் செய்யமாட்டான் என்பதும் தெரியும். "வேணாம்டா, பாவம்" என்றான் ஜெயகாந்தன். சுதாகரன் தூண்டிலைக் கீழே இறக்கினான். ஆனால் வீட்டில் சுருண்டு கிடப்பவளை நினைத்தான். ரப்பர் தவளையை வீசினான். இரண்டாம் வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது.

முழங்கை நீளத்துக்கு விரால். சந்தோஷப்பட யாருக்கும் மனம் வரவில்லை. சிதறிய குஞ்சுகள் மறுபடி அதே இடத்தில் வந்து கூடின. சுதாகரன் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினான்.

மீனைக் கண்டதும் பிரேமினி படுக்கையை விட்டு எழுந்தாள். அவளே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், புளி கரைத்தாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் காம்பரா முழுக்கக் குழம்பு வாசம். சுதாகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைய, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் குளிர்ல விரால் லேசுல எரை எடுக்காதே. குஞ்சோட நின்னுச்சாங்க?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினான்.

பிசைந்த கை அப்படியே நின்றது.

"அதுங்கள இனி யாருங்க பாத்துக்குவா?"

தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். கையைக் கழுவிக்கொண்டு போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.