பெரியம்மாவுக்குக் கயிறு வேண்டாம்

அக்காவின் வண்டிக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்தது அத்தான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அதன் அடியிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்குக்கூட நீ இவ்வளவு பணிவிடை செஞ்சதில்லடி. இது வண்டியா, உங்க பெரியம்மாவா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. பொருத்தமும்தான். அகலமான இடுப்பு, கனத்த குரல், எங்கே போனாலும் வழி முழுவதையும் அடைத்துக்கொள்கிற உடம்பு. வயது முப்பத்தொன்று. நான்கு சக்கரமும் இழுக்கும். ஜன்னல் கண்ணாடியை ஏற்ற இரண்டு கையும் வேண்டும். குடிக்கிற டீசலைப் பார்த்தால் வயிறு எரியும்.

குவாரியில் பத்து வருஷம் கல் சுமந்தவள் அக்கா. பழைய இரும்புக்குப் போகவிருந்த பிக்கப் ஜீப்பை வாங்கி, ஓட்டக் கற்றுக்கொண்டு, பதினோரு வருஷமாக மலை வேலைகளுக்குச் சாமானும் ஆளும் ஏற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி தலையில் கல் ஏறக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் அவள் தம்பி, மெக்கானிக். பெரியம்மாவுக்கு வைத்தியம் பார்ப்பது என் பொறுப்பு.

மலை உச்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை நடந்தது. புதிதாக வந்த என்ஜினியர் சின்னப் பையன், ஆனால் கெட்டவன் இல்லை. வேறோர் இடத்தில் பழைய லாரி ஒன்று உருண்டு இரண்டு பேருக்குக் கால் போனதைக் கண்ணால் பார்த்தவன். வந்த வாரமே அறிவித்தான்.

"இருபது வருஷத்துக்கு மேலான வண்டி எதுவும் இனிமே மேல வரக்கூடாதும்மா."

"வயசு பார்த்து அனுப்புறதுன்னா மொதல்ல உங்க மேஸ்திரிய அனுப்புங்க" என்றாள் அக்கா. மேஸ்திரியே சிரித்துவிட்டார்.

என்ஜினியர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான். "சனிக்கிழமை பம்ப் செட் மேல வரணும். நீங்களே கொண்டு வாங்க. பன்னண்டு மணிக்குள்ள, சொந்தக் கால்ல ஏறி வரணும். வழியில எந்த வண்டியாவது கயிறு கட்டி இழுத்துச்சுன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோக வண்டிக்கு அடியில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு உண்டு. ஷாஃப்ட் என்போம். அதன் முனையில் கூட்டல் குறி மாதிரி ஒரு துண்டு, கிராஸ். அது தேய்ந்துவிட்டது, புதிது போடு என்று அக்கா வியாழக்கிழமை சொன்னாள். எங்கள் ஊர்க் கடையில் அந்த அளவு இல்லை. பக்கத்து ஊருக்கு பஸ் ஏற வேண்டும். வெயில். சோம்பேறித்தனம். பழையதையே துடைத்து, கிரீஸைத் திணித்து மாட்டிவிட்டு, "போட்டாச்சுக்கா" என்றேன். போட்டது உண்மைதான். எதைப் போட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். பின்னால் பம்ப் செட், அதைச் சுற்றி மேலே வேலைக்குப் போகிற சித்தாள் பெண்கள் எட்டுப் பேர். எங்களுக்குப் பின்னால் கம்பெனியின் புது வண்டி. அதன் டிரைவரைக் கண்ணாடி என்று கூப்பிடுவோம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே சாப்பிடுகிறவன்.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் லாரிகள் ஒதுங்க அகலமான இடம் ஒன்று உண்டு. அதையும் தாண்டி, மலையிலேயே செங்குத்தான ஏற்றத்தில் முப்பது அடி போயிருப்போம். காலுக்குக் கீழே டமார் என்றது. அப்புறம் யாரோ சம்மட்டியால் தரையை அடிப்பது போலச் சத்தம். அக்கா பிரேக்கை மிதித்துக்கொண்டே, "கல்லு வைங்கடி!" என்று கத்தினாள். பெண்கள் குதித்துச் சக்கரத்துக்கு நான்காகக் கல் வைத்தார்கள். கல் விஷயத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

நான் அடியில் புகுந்தேன். கிராஸ் இரண்டாக முறிந்து, ஷாஃப்ட் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் பக்கத்தில் வந்து மல்லாக்கப் படுத்தாள்.

"அக்கா, நான் புதுசு போடல."

"தெரியும்."

"எப்படி?"

"கிரீஸ் வாடை புதுசா இருந்துச்சு. சத்தம் பழசாவே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். உன் கிரீஸை நம்பினேன் பாரு, அது என் புத்தி." பிறகு கையை நீட்டினாள். "ஸ்பேனர எடு. கழட்டு."

கண்ணாடி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேலேறி வந்தான். "அக்கா, ஓரமா ஏறி முன்னால வந்துடறேன். கொக்கிய மாட்டுனா ரெண்டே நிமிஷம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி அவுத்துடலாம். நான் யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

"நீ விடமாட்டே. நான் சொல்லிடுவேனே" என்று அடியிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"நாங்க எட்டுப் பேரும் என்ன ஊமையா?" என்றாள் ஒருத்தி.

ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டோம். இனிப் பின்சக்கரம் சும்மா உருளும், முன்சக்கரம் மட்டும் இழுக்கும். அக்கா கியரைப் போட்டாள். முன்சக்கரங்கள் சரளையைத் தோண்டின. புகைதான் வந்தது, வண்டி ஓர் அடிகூட நகரவில்லை. இரண்டாம் தடவை பின்னாலேயே வழுக்கியது. பெண்கள் ஓடிவந்து மறுபடி கல் வைத்தார்கள். மணி பத்தே முக்கால்.

"முடிஞ்சுதுக்கா" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் இறங்கி, இடுப்பில் கை வைத்து ஏற்றத்தைப் பார்த்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள்.

"டேய், கல்லைத் தூக்கிட்டு மேட்டுல ஏறி நிக்கறப்ப எந்தக் கால் வலிக்கும்?"

"கீழ இருக்கற கால்."

"கனமெல்லாம் கீழ இருக்கற கால்லதான் உக்காரும். இப்ப பெரியம்மாவுக்குக் கீழ இருக்கறது பின்காலு. அதுல உசுரில்ல. உசுரு இருக்கறது முன்காலு. அப்ப எதைக் கீழ வைக்கணும்?"

எனக்கு ஒரு நொடி பிடித்தது. நான் வாய் பிளந்ததைக் கண்ணாடி பார்த்துவிட்டான். "என்னய்யா சொல்றாங்க?"

"ரிவர்ஸ்ல ஏறப் போறா."

பெரியம்மாவை மெல்ல வளைவு வரைக்கும் பின்னால் இறக்கினாள். கண்ணாடி தன் வண்டியை ஒதுக்கி இடம் விட்டான். அகலமான இடத்தில் திருப்பி நிறுத்தியபோது, வண்டியின் முகம் பள்ளத்தைப் பார்த்தது, முதுகு மலையைப் பார்த்தது. பம்ப் செட்டை எல்லோருமாகத் தள்ளி டிரைவர் முதுகோடு ஒட்ட வைத்தோம். அக்காவுக்கு அதுவும் போதவில்லை.

"நாலு பேர் பானட் மேல ஏறி உக்காருங்கடி. நல்லா சாப்பிட்டவங்களா வாங்க."

"என்னைப் பாத்து ஏன் சொல்ற?" என்று சண்டைக்கு வந்தவள்தான் முதலில் ஏறினாள்.

"கெட்டியா பிடிச்சுக்கங்க. விழுந்தாலும் முன்னாலதான் விழுவீங்க. வண்டி உங்களை விட்டுட்டு மேல போயிடும்."

"நல்ல ஆறுதல்" என்றாள் இன்னொருத்தி.

மீதி நான்கு பேர் ஆளுக்கொரு கல்லோடு பக்கவாட்டில் நடந்தார்கள். நான் வண்டிக்குப் பின்னால், ஏற்றத்தில் பின்பக்கமாக நடந்தபடி வழி காட்டினேன். வண்டி வழுக்கினால் என்னை விட்டுக் கீழே போகும், ஏறினால் என் மேல் வரும். அன்றைக்கு அது என் மேல் வர வேண்டும் என்று மட்டுமே வேண்டிக்கொண்டேன்.

"வரலாம், வரலாம்! லெஃப்ட்ல ஒடி! போதும், நேர் பண்ணு! வரலாம்!"

முன்சக்கரங்கள் ஒருமுறை சுற்றின. பானட்டில் உட்கார்ந்த நால்வரின் கனம் கீழே அழுத்தியது. ரப்பர் சரளையைக் கடித்தது. பெரியம்மா ஒரு செருமல் செருமினாள், ஏறினாள். பத்து அடி. இருபது அடி. நாங்கள் தோற்று நின்ற குழி வந்தது. அதன் விளிம்பில் ஒரு சக்கரம் தடுமாறியது. அக்கா காலை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிப் பின்னால் பார்த்தபடி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், பல்லைக் கடித்தாள். குழி கடந்தது. பானட்டிலிருந்து எழுந்த கூச்சல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

கடைசி வளைவில் உச்சியில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். கம்பி கட்டிக்கொண்டிருந்த அத்தான் சாரத்தின் மேலேயே எழுந்து நின்று, "எங்க பெரியம்மாடா!" என்று கத்தினார். பணிவிடையைக் கிண்டல் பண்ணிய அதே மனுஷன். பலகை அடித்தவன், கலவை குழைத்தவன் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முதுகு முதலில், முகம் கடைசியில், பானட்டில் நான்கு மகாராணிகளோடு பெரியம்மா உச்சியில் போய் நின்றாள். மணி பதினொன்று நாற்பது.

என்ஜினியர் கையில் தாளோடு வந்தான். வண்டியைச் சுற்றிவந்தான். குனிந்து அடியில் பார்த்தான். ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று.

"ஏம்மா பின்பக்கமா வந்தீங்க?"

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "ஏறி வரணும்னுதானே சார் சொன்னீங்க. மூஞ்சியக் காட்டிட்டு வரணும்னு சொல்லலியே."

என்ஜினியர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற கண்ணாடியைப் பார்த்தான். "கயிறு கட்டினியா?"

கண்ணாடி முதல்முறையாகத் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "கெஞ்சினேன் சார். விடல."

என்ஜினியருக்குச் சிரிப்பு வந்தே விட்டது. ஆனால் எழுதும்போது முகத்தை இறுக்கிக்கொண்டான். "உடைஞ்சதைச் சரிபண்ணிட்டு, புதுசு போட்டு, என்கிட்ட காட்டணும். அதுக்கப்புறம் இந்த வேலை முடியற வரைக்கும் ஓடலாம். வண்டி பேர் என்ன எழுதட்டும்?"

எட்டுப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் அப்படியே எழுதினான். அந்தத் தாள் இன்றும் பெரியம்மாவின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

நான் அக்காவின் பக்கம் போய் நின்றேன். அவள் ஷாஃப்டை இழுத்து என் தோளில் சாத்தினாள்.

"பஸ் இருக்குல்ல?"

"இருக்கு."

"அளவுக்கு இதையும் தூக்கிட்டுப் போ. புது கிராஸ். டப்பாவோட கொண்டு வா. நானே பிரிச்சுப் பார்ப்பேன்."

உச்சியிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை ஆறு கிலோமீட்டர் இறக்கம். ஷாஃப்டின் கனம் தோளை அறுத்தது. வழியில் கேட்டவர்களிடமெல்லாம் நின்று நின்று கதையைச் சொன்னேன், கிராஸ் ஏன் முறிந்தது என்பதையும் விடாமல்.