ஐந்து நிமிட நாற்காலி

"நூத்தி ஐம்பத்தாறு!" என்று பிரஷர் கருவியைப் பார்த்து நர்ஸ் படித்ததும் மேனேஜரின் பேனா திறந்தது. ஆறு மாதக் கர்ப்பிணியான அந்தத் தையல்காரியை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அந்த எண் செல்லாது," என்றாள் அவள், மூச்சு வாங்க. "மூணு மாடி ஏறி வந்ததும் வராததுமா பட்டையைச் சுத்தினா யானைக்கும் பிரஷர் ஏறும்."

"உனக்குத்தான் பழைய பிரஷர் இருக்கேம்மா?" என்றார் மேனேஜர்.

"ஆறு வருஷமா இருக்கு சார். அதோட குணம் எனக்கு அத்துப்படி. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறினதில்ல. வேலைக்குப் போகலாம்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்தாள். மேனேஜர் வாயைத் திறந்தார்.

"அஞ்சு நிமிஷம் பேசாதீங்க சார். உங்களுக்குப் பதில் சொன்னாலும் ஏறும்."

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தி முப்பத்திரண்டு, எண்பத்திரண்டு!"

டாக்டரிடம் காட்டுவதற்காக இரண்டு அளவையும் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள் தையல்காரி. மேனேஜர் பேனாவை மூடினார்.

"அடுத்த தடவை லிஃப்டைச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க சார்," என்று சொல்லிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.