ஒன்றாம் எண் தகடு

1

இந்தக் கதை ஒரு இரும்புத் தகட்டிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலம். நடுவில் 1 என்று குத்தியிருக்கிறது, மேலே கம்பி கோர்க்க ஒரு துளை. நான் எழுதும் தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். துரு பிடிக்கவில்லை. அதில்தான் விஷயம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

கொடுத்தது ஷபீனா. தாம்பரம் சானடோரியத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள், பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். இதைக் கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க ஆன்ட்டி. இடம் மட்டும் போடாதீங்க" என்றாள்.

எந்த இடம் என்று அவசரப்படாதீர்கள், கண்ணுகளா. கதையே அதைப் பற்றித்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பொன்னிற விடியலில் கடற்காற்று ஷபீனாவின் கூந்தலை வருட...

அடித்துவிட்டேன். அவள் தலையில் ஹெல்மெட் இருந்தது.

நடந்தபடியே சொல்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். நாவலூருக்குக் கிழக்கே, கால்வாயைத் தாண்டினால் ஒரு மீனவக் குப்பம்.* அங்கே குப்பன் என்பவர் தினமும் விடிந்ததும் ஐந்து கிலோமீட்டர் மணலில் நடப்பார். ஆமை ஊர்ந்த தடம் தெரிந்தால், முட்டை புதைந்த இடத்தில் ஒரு கம்பி நட்டு எண் தகட்டை மாட்டுவார். வாரம் இரண்டு நாள் ஷபீனா ஸ்கூட்டரில் வந்து, கம்பி நிற்கும் இடத்தைக் கருவியில் அளந்து பதிவு செய்வாள். தகடுகளை அடித்துக் கொடுப்பது அவள் தம்பி பர்வேஸ், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். வருடா வருடம் ஒன்றிலிருந்து புது எண்கள். குஞ்சுகள் கடலுக்குப் போனபின் தகடுகள் துருவேறித் திரும்பி வரும்.

ஏழு வருடம் இப்படியே.

(* குப்பத்தின் பெயரை நான் மறக்கவில்லை. விட்டிருக்கிறேன்.)

3

முதல் வருடம் அவள் போனபோது இரண்டிலிருந்துதான் கம்பிகள் நின்றன. ஒன்று எங்கே அண்ணா என்று கேட்டாள்.

"அது அம்மாவுக்கு, டீச்சரம்மா" என்றார் குப்பன். "மொத குழிய யாருக்கும் காட்றதில்ல. எங்கப்பன் எங்கிட்டயே காட்னதில்ல."

அம்மா என்றால் கடல். பருவத்தின் முதல் குழியைப் பார்த்தவர் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் குப்பன் கணக்கில் சுத்தமான ஆள். டீச்சர் எண்ணச் சொன்னதால் அங்கேயும் ஒன்றாம் தகட்டை மாட்டினார், கண்ணில் படாதபடி மணலுக்குள் புதைத்து. ஏப்ரலில் மற்றவற்றோடு அதையும் துருவோடு திருப்பிக் கொடுத்தார்.

ஷபீனா மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் வீட்டிலும் கேட்காமல் விடும் விஷயங்கள் உண்டு. குழி இருந்தது, தகடு சாட்சி. ஆகவே மொத்தத்தில் அதைச் சேர்த்தாள். இடம் தெரியாது, ஆகவே பட்டியலில் சேர்க்கவில்லை. ஏன் என்று அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். "கடலம்மாவுக்கு விட்டது" என்று ஆய்வறிக்கையில் எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சம்தான் பிழை. வேறு பிழை இந்தக் கதையில் யாரும் செய்யவில்லை.

4

அந்தக் கரையில் படகுத்துறையும் விடுதியும் கட்டத் திட்டம் வந்தது. ஆமை முட்டையிடும் கரை என்பதற்கு ஷபீனாவின் பதிவைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. டிசம்பரில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள்.

கட்டுமானக் கம்பெனியின் ஆலோசகர் ஸ்ரீவத்சன் எழுந்தார். (முதல் வரைவில் இவருக்குத் தங்கக் கடிகாரமும் ஏளனச் சிரிப்பும் கொடுத்திருந்தேன். ஷபீனா படித்துவிட்டு ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் கேட்டது சரியான கேள்வி ஆன்ட்டி. என் ஸ்டூடண்ட் கேட்டிருந்தா மார்க் போட்டிருப்பேன்" என்றாள். கடிகாரத்தைக் கழற்றிவிட்டேன்.)

ஏழு வருடத்து மொத்தம் இருநூற்று எண்பத்து நான்கு என்று அறிக்கை சொல்கிறது, பட்டியலிலோ இருநூற்று எழுபத்தேழு இடங்கள்தான் இருக்கின்றன என்று அவர் மெதுவாக வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்:

"வருஷத்துக்கு ஒண்ணு கூடுது மேடம். எப்பவும் ஒண்ணாம் நம்பர். இந்த ஏழும் எங்கேர்ந்து வந்துச்சு?"

ஷபீனா பின்வரிசையைப் பார்த்தாள். குப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னால் அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பும், அடுத்த கேள்வி அவரிடம் போகும். அவள் அறிக்கையை மூடி மேசைமேல் வைத்தாள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி ஒரு படிவத்தை நீட்டிப் பதினைந்து நாள் கொடுத்தார். அதில் ஏழு குழிகளின் இடங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது அந்த ஏழும் தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மொத்தப் பதிவும் கணக்கில் எடுக்கப்படாது.

5

பர்வேஸுக்கு இதில் சிக்கலே தெரியவில்லை. ஏதாவது ஏழு புள்ளியைப் போட்டால் போச்சு, குழிகளை அலை எப்போதோ வழித்துக்கொண்டு போயிருக்கும், யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றான். தவறு என்று எழுதிக் கொடுத்தாலோ, அந்த ஏழு குழிகளையும் ஷபீனா தானாகவே கூட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டதாகும். அப்புறம் மற்ற இருநூற்று எழுபத்தேழை யார் நம்புவார்கள்?

மிச்சமிருந்தது ஒரே வழி, குப்பனைக் கேட்பது. அவள் போகவில்லை. பதினோராம் நாள் அவரே பஸ் ஏறி வந்தார், நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு. மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாராம்.*

"ஏழும் எனக்கு ஞாபகம் கீது" என்றார். "கண்ண மூடிக்கினு போயி நிப்பேன். நீ கேட்டா சொல்ட்றேன். ஆனா சொன்னேன்னு வை, அப்பால தண்ணில எறங்க எனக்குக் காலு வராது."

ஷபீனா கேட்கவில்லை.

"இல்லன்னா நீயே எதுனா எடத்தப் போட்டுக்கோயேன், டீச்சரம்மா. நான் ஆமான்னு கையெழுத்துப் போட்றேன்."

அதுதான் அவளை உடைத்தது என்று நினைக்கிறேன். எண்ணாத ஒன்றை எண்ணியதாகச் சொல்லாத மனிதர். தகடு மண்ணில் விழுந்து புதைந்துபோனால்கூட, நாலு நாள் கழித்தும் அதை ஞாபகமாகச் சொல்லிவிடுவார். அவர் அவளுக்காகப் பொய்க்கையெழுத்துப் போட வந்திருக்கிறார்.

வேண்டாம் அண்ணா என்று மட்டும் சொன்னாளாம்.

குப்பன் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வரப்போகும் ஜனவரிக்காக பர்வேஸ் அடித்துக் கொடுத்த தகடுகளில் ஒன்றாம் எண்.

"இத வச்சிக்கோ. ரெண்டுலேர்ந்தே மாட்றேன். மொத்தத்துலயும் அத்த சேக்காத. ஒன்னு நடக்கவே இல்லன்னு வச்சிக்கோ. உன் கணக்கு நேரா இருக்கும்."

(* இதை நான் நேரில் கேட்கவில்லை. மறுநாள் அவள் சொன்னது. கருவாட்டின் பாதி எனக்கு வந்தது, அது உண்மை.)

6

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கதைக்கு ஒரு காட்சி தேவைப்பட்டது. குப்பன் முதல் குழியைக் காணும் காட்சி. ஒரு பக்கம் எழுதினேன்:

கட்டுமரம் கவிழ்த்துப் போட்டிருந்த மேட்டுக்கு வடக்கே, அடப்பங்கொடி படர்ந்த இடத்தில் அவர் மண்டியிட்டார். மணல் இன்னும் ஈரமாக...

நன்றாக வந்திருந்தது. மாடிக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். ஷபீனா முழுக்கக் கேட்டாள். பிறகு, "இந்த மேடு நீங்களா வச்சதா ஆன்ட்டி?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

படி இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்தியைப் பதினைந்து நாளாக எல்லாரும் எதைச் செய்யச் சொன்னார்களோ, அதை நான் அரைமணி நேரத்தில், காப்பி குடித்துக்கொண்டே செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மேலே விட்டிருக்கும் இரண்டு வரி, என் கை எவ்வளவு சுலபமாகப் போகும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள.

7

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

அவள் உண்மையை ஒரே பத்தியில் எழுதிக் கொடுக்கிறாள். அதிகாரி படித்துவிட்டு... (அந்த அதிகாரியை எனக்குத் தெரியாது.)

அவள் ஏழு புள்ளிகளைப் போடுகிறாள். கரை பிழைக்கிறது. அதன்பின் எந்த அறிக்கையிலும் அவளால் நிம்மதியாகக் கையெழுத்து... (வேண்டாம்.)

ஏழும் தவறு என்று எழுதுகிறாள். படகுத்துறை வருகிறது. குப்பன்...

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். பதினைந்தாம் நாள் காலை அவள் ஒரு பழுப்பு உறையோடு இறங்கி வந்து பசை கேட்டாள். கொடுத்தேன். என் மேசையில் வைத்தே ஒட்டினாள். உள்ளே என்ன என்று கேட்க நாக்கு வரை வந்தது. முதல் வருடம் அவள் குப்பனிடம் மேற்கொண்டு கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் ஆன்ட்டி" என்று தகட்டை வைத்துவிட்டுப் போனாள்.

பதில் இன்னும் வரவில்லை. குப்பத்து மணலில் அளவுக்காரர்கள் சிவப்புக் கற்களை நட்டுவிட்டதாக பர்வேஸ் சொன்னான். இது ஜனவரி. முதல் ஆமை ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால், இந்த வருடம் அந்தக் குழிக்கு எண் கிடையாது. உலகத்தில் ஒரே ஒரு மனிதரைத் தவிர யாருக்கும் அது இல்லை. கணக்கு நேராக இருக்கும்.

அதிகாரி தந்த அந்தப் படிவத்தின் நிரப்பாத நகல் ஒன்றை ஷபீனா எனக்குக் கொடுத்திருந்தாள். ஏழு வரிசைகளில் முதலாவதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது, கண்ணுகளா. நிரப்புவதானாலும் அடிப்பதானாலும் அப்படியே விடுவதானாலும் அது உங்கள் கையெழுத்தாகத்தான் இருக்கும்.

குழி எண்: 1. இடம்: