முடிவுப் பிழை

'மார்ச் 14. காலை வேலையில் ஒரு சிறு தவறு. ஸ்டாஃப் கோலின் மேல்துண்டைப் பூட்டு விழும்வரை நான் இழுக்கவில்லை. முடிவுப் பிழை 41 மில்லிமீட்டர்.'

நோட்டில் இவ்வளவு எழுதிவிட்டு, தங்கை 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். அடித்தது சரியா என்றும் தெரியவில்லை. கூடத்தில் அண்ணி நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணனின் உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது.

அண்ணன் சர்வேயர். மாலை வகுப்பில் அதே படிப்பைப் படிக்கும் தங்கையை விடுமுறை நாட்களில், உயரம் அளக்கும், இழுத்தால் நீளும் ஸ்டாஃப் கோலைப் பிடிக்க அழைத்துப்போவான். சாலையின் மட்டம் பார்க்கக் கிளம்பினால், கிளம்பிய அடையாளக் கல்லுக்கே திரும்பி வந்து அளக்க வேண்டும். முதலில் இருந்த உயரமே கிடைக்க வேண்டும். எவ்வளவு தள்ளிப்போகிறதோ அதுதான் முடிவுப் பிழை. ஏழெட்டு மில்லிமீட்டர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாற்பத்தொன்று என்றால் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டியதுதான்.

காலையில் அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டே எண்களைக் கூட்டினான். பத்து மணியிலிருந்தே வலி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். கணக்குச் சேர்ந்ததும் போகலாம் என்றான். சேரவில்லை.

"கோல் பிடிச்சது இஞ்சினியரம்மா, அதுல தப்பு வராது. எனக்குத்தான் கண்ணு மங்குது. இன்னொரு சுத்து வந்துட்டுப் போயிடலாம்." படிக்கும் தங்கையை அவன் அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவான்.

இரண்டாம் சுற்றில், பாலத்தடிப் பள்ளத்தில் மேல்துண்டை இழுத்தபோது 'டக்'கென்று பூட்டு விழுந்தது. முதல் சுற்றில் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்வதற்காகக் கையை உயர்த்தினாள். சாலையின் அந்தப் பக்கம் முக்காலியில் மட்டக் கருவி மட்டும் நின்றது; அண்ணன் அதனடியில் விழுந்து கிடந்தான்.

அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது ஓய்ந்த முகம். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டாள். பத்து மணி என்றாள் தங்கை. ஆஸ்பத்திரியில் சேர்த்தது பன்னிரண்டே காலுக்கு. நடுவில் போன நேரத்தை அண்ணி விரல்விட்டு எண்ணுவது தெரிந்தது.

"வேலையப் பாதில விட்டுட்டு வர்ற மனுஷனா அவரு. எங்க கல்யாணத்தன்னிக்கே லேட்டா வந்தவராச்சே." தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, நீயாச்சும் கூட இருந்த."

"அண்ணி..."

"நாளைக்கு வர்றவங்க எல்லாரும் எப்படி ஆச்சுன்னுதான் கேப்பாங்க. என்னால திருப்பித் திருப்பிச் சொல்ல முடியாதும்மா. நீயே சொல்லிடு."

தங்கை தலையாட்டினாள். அண்ணி எழுந்து மிச்ச நாற்காலிகளை நகர்த்தப் போனாள். இவள் நோட்டை எடுத்து எழுதினாள்:

'நாளை காலை ஏழு மணிக்கு உடல் வரும். வருகிறவர்களுக்கு நடந்ததை நான் சொல்ல வேண்டும்.'