ஏரிக்காரியின் ஸ்டூல்

என் கணவர் ஜெபராஜ் கைப்பேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறார். தாம்பரத்தில் பேய்களும் நம்மோடு பஸ் ஏறுகிற கதை. முதல் கதையை யாரும் சீந்தவில்லை. நம்பும்படி இல்லை என்று கருத்து எழுதிவிட்டுப் போனார்கள். பேய்க்கதையில் எதை நம்ப வேண்டுமோ என்று எனக்கு எரிச்சல். அவரோ தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரைச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் அடுத்த கதையில் வைத்தார்.

அப்படி மாட்டியதுதான் கன்னியம்மா அக்காவின் பஜ்ஜிக் கடை. ஜிஎஸ்டி சாலையோரத் தள்ளுவண்டி, விளிம்பு உடைந்த எண்ணெய்ச் சட்டி, புடவைக் கிழிசலால் கால் கட்டிய சிவப்பு ஸ்டூல் எல்லாம் கதையில் அப்படியே இருந்தன. பெயரைக்கூட மாற்றவில்லை. புதிதாகச் சேர்த்தது ஒருத்தியை மட்டும். மண் கொட்டி மூடிய ஏரியிலிருந்து வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஏரிக்காரி என்ற பேய். அவளுக்கு ஒரு விதியும் வைத்தார்: உட்கார்ந்த இடத்தைவிட்டு அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

கதை பிய்த்துக்கொண்டு போனது. முதலில் செல்ஃபி எடுக்கக் கூட்டம் வந்தது. பிறகு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. அதோடு வாடிக்கை ஆட்களும் நின்றுவிட்டார்கள். கன்னியம்மாவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஜெபராஜ் பதறிப்போய், ஏரிக்காரி குரோம்பேட்டைக்குப் போய்விட்டதாக ஓர் அத்தியாயம் எழுதினார். "எழுந்திருக்க மாட்டாள்னு நீங்கதானே சார் சொன்னீங்க? லாஜிக் இடிக்குது" என்று வாசகர்கள் கிழித்துவிட்டார்கள். எல்லாமே கற்பனை என்று எழுதினார். மனுஷன் பயந்துபோய் மறைக்கிறார் என்றார்கள்.

நேற்று சாயங்காலம் அவரைக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனேன். வண்டியில் பஜ்ஜி ஆறிக் கிடந்தது. ஸ்டூலின்மேல் ஒரு தட்டில் இரண்டு பஜ்ஜி தனியாக வைக்கப்பட்டிருந்தன.

"அக்கா, அப்படி யாரும் இல்லக்கா. நானா கற்பனை பண்ணி எழுதினது" என்றார் ஜெபராஜ்.

"காலேஜ் பொண்ணு ஒண்ணு போன்ல பட்ச்சி காட்டுச்சு தம்பி" என்றார் கன்னியம்மா. "என் சட்டி கரீட்டா கீது. ஸ்டூலு கரீட்டா கீது. நான் கட்ன துணிகூட கரீட்டா கீது. அவ மட்டும் எப்டிப்பா பொய்யா இருப்பா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவரே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பஜ்ஜி சாப்பிட்டால் அவர்கள் பயம் தெளியும் என்று தோன்றியது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றேன்.

ஜெபராஜ் ஸ்டூலைப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டே சாப்பிடுறேன் ஆஷா."

"ஏங்க, உக்காருங்க."

"வேணும்னா நீ உக்காரு" என்றார் மெதுவாக.

பேய்க்கதை என்றாலே சிரிக்கிறவள் நான். ஆனாலும் தட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். கன்னியம்மா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார்.