பெரட்டுக் காற்று

அந்த ரப்பர் குழாயைப் பார்த்தாலே வீரம்மாவுக்குக் குமட்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயாவு அதை ஒரு நாளாவது வெந்நீரில் போட்டதில்லை. தன் கைக்குட்டையை மட்டும் வெள்ளை வெளேரென்று வைத்திருப்பான். குழாயோ வாய்க்கு வாய் போகும். ஒருவன் எச்சில் காயுமுன் அடுத்தவன் உதட்டில் ஏறும். நுனியில் மஞ்சளாய்ச் சளி உறைந்திருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து அவள் முந்தானையே நாறியது.

இருந்தும் தினமும் அதைத்தான் புருஷன் சீனியின் வாயில் வைத்தாள். அவளே கெஞ்சிக் கேட்டு வாங்கிய காற்று அது.

ஜப்பான்காரன் வந்த பிறகு பால் மரங்களைச் சீண்டுவாரில்லை. ரப்பரை ஏற்றிப் போகக் கப்பல் ஏது? வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் குடியேறி, எல்லோரையும் மரவள்ளி நடச் சொன்னான். பெரட்டு மட்டும் மாறவில்லை. விடிந்ததும் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். வந்து நின்றவனுக்குப் பேர் விழும், பேர் விழுந்தவனுக்கு அரிசி. படுத்துக் கிடப்பவனுக்கு ஒன்றுமில்லை. துரைமார் காலத்திலும் சம்பளம் இப்படித்தான். காய்ச்சலோ கழிச்சலோ, பெரட்டில் போய் நின்றுவிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு. வீரம்மாவுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இப்போது சும்மா நின்றால் போதாது. கையைத் தூக்க வேண்டும், இடுப்பை வளைக்க வேண்டும், குதிக்க வேண்டும். உடற்பயிற்சியாம்! "இச்சி, நீ, சான், சி" என்று ஐயாவு முன்னால் நின்று ஜப்பான் பாஷையில் எண்ண, எலும்பும் தோலுமான மனிதர்கள் தவளை மாதிரித் துள்ளினார்கள். அதிகாரி சிகரெட்டை இழுத்துக்கொண்டு பார்த்திருப்பான். பசித்த வயிற்றைக் குதிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பதைவிட அசிங்கம் வேறென்ன இருக்கிறது?

சீனிக்குக் காய்ச்சல் விட்டும் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. கூலிகள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்து வாசலைத் தாண்டுவதற்குள் உதடு நாவல்பழ நிறமாகிவிடும். பேர் விழவில்லை, அரிசியும் வரவில்லை. வீரம்மா ஐயாவுவிடம் போய்க் காலில் விழாத குறையாக அழுதாள்.

"அழுவாத லா," என்றான் ஐயாவு. "ஈப்போவுல ஈயச் சுரங்கப் பட்டறைலேருந்து ஒரு சிலிண்டர் கொண்டாந்து வச்சிருக்கேன். இரும்பு ஒட்டுறதுக்கு வச்சிருந்தானுங்க. உள்ளாற பிராணவாயு. பெரட்டுக்கு முந்தி நல்லா இழுத்தான்னா குதிரை மாதிரி குதிப்பான். முடிஞ்சதும் இன்னொரு இழுப்பு. அலுப்பே தெரியாது."

அப்படியேதான் நடந்தது. ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் சிலிண்டரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். காற்று உள்ளே போகப் போகச் சீனியின் உதட்டில் ரத்தம் திரும்பியது. களத்துக்குப் போய் மற்றவர்களோடு கையைத் தூக்கினான், குதித்தான். முடிந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் வந்து சரிந்து விழுந்து மறுபடி குழாயைக் கவ்விக்கொண்டான். அன்றைக்குப் பாகான் செராய் அரிசி ஒரு கொட்டாங்கச்சி கிடைத்தது. வீரம்மா ஐயாவுவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

லோரி வந்தது அதற்கப்புறம்தான். பயிற்சி முடிந்த கையோடு அதிகாரி பிரம்பை நீட்டி நீட்டி ஆள் பொறுக்கினான். யார் கை உயரப் போனதோ, யார் முகம் தெளிவாக இருந்ததோ, அவனெல்லாம் ஏறு. சயாமில் ரயில் பாதை போடப் போகிறார்களாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அங்கே போனவன் எவனும் திரும்பவில்லை. லயத்துக்குப் போய் ஒரு சட்டை எடுத்து வரக்கூட விடவில்லை. சீனிக்கு அன்று நடுவில் இருமல் வந்ததால் பிரம்பு அவனைத் தாண்டிப் போயிற்று.

அடுத்த வீட்டுப் பாப்பாவின் புருஷன் சன்னாசி அந்த லோரியில் போனான். தண்ணீர்ப் பைப்படியில் வீரம்மாவைப் பார்த்ததும் பாப்பா வாளியை எட்டி உதைத்தாள்.

"நானும் ஒன்னைய மாதிரிதாங்க்கா குழாயப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஒம் புருசனத் தவிர குழாய் வச்சவன் பூரா லோரி ஏறிட்டான். வைக்காத ஆளுங்கதான் இங்க நிக்கிது. இன்னுமா ஒனக்கு வெளங்கல?"

வீரம்மா ஓட்டமாக ஸ்டோருக்குப் பின்னால் போனாள். ஐயாவு குழாய் நுனியைக் கைக்குட்டையால் சுற்றி, தானே காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். கண் சொருகிக் கிடந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது.

"சயாமுக்கு அனுப்பத்தான் தேத்துறியா?" என்று கேட்டாள்.

அவன் நிதானமாக வாயைத் துடைத்தான். "கேட்ட ஆளக் குடுக்கலேன்னா என்னையே ஏத்திப்புடுவான் லா. நான் என்னா செய்ய? நாளைக்கு மறுபடி லோரி வருது. சீனிய நல்லா இழுக்கச் சொல்லு." போகிற போக்கில், "பேரு விழணும்னுதான அழுத?" என்றும் சொன்னான்.

அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டாள். அவனைக் கும்பிட்ட கையை எங்கே கொண்டுபோய்த் தேய்ப்பது என்றுதான் தெரியவில்லை. லயத்துக்குப் போய்ச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். அருவருப்பு போகவில்லை.

லோரி வரும் நாளில் பெரட்டுக்கு வராதவனை லயத்திலிருந்தே இழுத்து வருவார்கள். ஒளிக்க இடமில்லை. மறுநாள் காலையில் ஐயாவு பார்த்திருக்க, குழாயைச் சீனியின் வாயில் வைத்தாள். முந்தானைக்குள் அதை மடக்கி இறுக்கிப் பிடித்தாள். சீனி இழுத்தான். ஒன்றும் வரவில்லை. கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தான்.

"களத்துல விழுந்துருங்க," என்றாள், உதடு அசையாமல்.

நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கையைத் தூக்கும்போதே சீனி குப்புற விழுந்தான். அதிகாரி வந்து பூட்சு காலால் புரட்டினான். சீனி இருமினான். ரத்தம் கலந்த சளி அந்தப் பளபளக்கும் பூட்சின் மேல் தெறித்தது. அதிகாரியின் முகம் கோணியது. மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தான். இதைக் கொண்டுபோய் எங்காவது போடு என்று கையை வீசினான். ஒருத்தன் அருவருத்ததற்காக வீரம்மா சாமிக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். சீனியின் இடத்தில் வேறொருவனை ஏற்றினார்கள். அது யாரென்று பார்க்க அவள் தலை நிமிரவில்லை.

லோரி போனதும் புருஷனை இழுத்து வந்து சுவரோரம் சாய்த்துச் சிலிண்டரைத் திறந்தாள். குழாயை அவன் வெறியோடு கவ்விக்கொண்டான். மார்பு ஏறி இறங்கியது. விரல்கள் அசைந்தன. நீலம் பாய்ந்திருந்த உதட்டின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு தட்டியது. நாளைக்கும் பெரட்டு உண்டு. முகம் தெளிந்தவனைத்தான் பிரம்பு தேடும். வீரம்மா சட்டென்று திருகை மூடி, குழாயை அவன் வாயிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னுங் கொஞ்சம்..." என்று சீனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவள் கொடுக்கவில்லை.