கதியால் துளிர்த்த காணி

கட்டைபறிச்சான் ஊருக்குப் பின்னால, களப்புத் தண்ணியை ஒட்டின வெறுங்காணியில ஒரு பூவரச மர வரிசை நிண்டது. பார்க்கிறவனுக்கு அது பழைய வேலி. வேலியெண்டால் ஒரு பக்கமாவது வீடோ தோட்டமோ இருக்க வேணும். இதுக்கு இரண்டு பக்கமும் ஒண்டுமில்லை. அதை யோசிக்க எவனுக்கு நேரம்.

ராசமலருக்குத் தெரியும். இரண்டாயிரத்து ஆறில சண்டை மூண்டு, செல்லடிக்குள்ள சனம் வெருகல் பக்கமாய் ஓடேக்க, அவளின்ர மகள் நிருசா இந்த வழியிலதான் செத்தாள். மூண்டு வயதுப் பிள்ளை. தாய் மயங்கி விழ, சனம் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போயிட்டுது. புருசன் மூத்ததம்பிதான் தனியப் பின்தங்கிப் பிள்ளையை மண்ணில தாட்டுப்போட்டு வந்தான்.

"தலைமாட்டில, வேலியில முறிச்ச பச்சைக் கதியால் ஒண்டு ஊண்டி விட்டனான். பூவரசு, முளைக்கும். திரும்பி வந்து பார்ப்பம்" எண்டான்.

அகதி முகாமில நெஞ்சுவலி வந்து அவன் போய்ச் சேர்ந்திட்டான். அவள் தனியத் திரும்பி வந்து பார்த்தால், முளைச்சு நிண்டது ஒரு கதியால் இல்லை, ஒரு வரிசை. அந்தப் பாதையால ஓடின சனமெல்லாம் தங்கட தங்கட ஆக்களைத் தாட்டு, ஆரோ ஒருத்தரின்ர வேலியில முறிச்சு, அதே மாதிரித்தான் ஊண்டியிருக்கு. இதில எது அவளின்ர பிள்ளை?

பெத்த மனம், ஒண்டை விட்டுப்போட்டு ஒண்டைக் கும்பிட ஏலுமே? எல்லா மரத்தடியிலயும் பால் ஊத்தினாள். அந்தி பட்டால் ஒரு பிள்ளை ஒளிச்சு விளையாடுற மாதிரி அதுக்குள்ள சருகு சரசரக்கும். போய்ப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. அவளுக்கு அதில பயமில்லை. சத்தம் கேளாத நாளிலதான் பயம்.

இப்பிடி இருக்கேக்கதான் கொழும்புக் கம்பனி வந்தது. எங்கேயோ வெளிநாட்டில பிளேன் புகை விடுமாம், அதுக்குப் பரிகாரமாய் இஞ்ச மரம் நடுகினமாம். பாவம் செய்யிறது ஒருத்தன், பரிகாரம் ஊரான் காணியில. நல்ல நியாயம். கன்று நடுற பெண்டுகளுக்கு ராசமலரைத் தலைவியாய்ப் போட்டான் கம்பனியின்ர ஒபிசர் இராகுலன். திருகோணமலைப் பட்டணத்துப் பொடியன், மரியாதை தெரிஞ்சவன்.

"அக்கா, இந்தப் பூவரசுகளைத் தறிக்க வேணும்" எண்டான். "மேலயிருந்து படம் எடுப்பினம். வெறுங்காணியில நாங்கள் நட்டதுதான் வளர்ந்ததெண்டு தெரிய வேணும். இது பழைய வேலிதானே?"

கேட்டவன் கெட்டவனில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் பொலிஸ் வரும், கோடு கச்சேரியெண்டு வழக்கு வரும், தோண்டுவினம், என்ர பிள்ளையின்ர எலும்பைப் பையில போட்டு நம்பர் ஒட்டிக் கொண்டு போவினமெண்டு அவள் நினைச்சாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாய்ப் போகும்.

"ஓம் தம்பி. பழைய வேலிதான்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டுவினம். வாயுள்ள தாய் சொன்னது இவ்வளவுதான்.

மெசின் வாள் அறுக்கேக்க அவள் பக்கத்திலயே நிண்டாள். "வேரைக் கிண்டாதேங்கோ, மாரியில மண் கரைஞ்சு போகும்" எண்டு அதை மட்டும் மறிச்சுப் போட்டாள். தறிச்ச கொப்புகளைச் செங்கல் சூளைக்கு விறகாய் ஏத்த லொறி வந்தது. விடுவாளே?

"கன்றுகளுக்கு முட்டுக் குடுக்க வேணும் தம்பி. வாடைக்காத்து சும்மா விடாது."

பெண்டுகள் கொப்புகளைத் துண்டு துண்டாய் வெட்டி, வேப்பங்கன்று, மருதங்கன்று ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ஒரு கட்டை ஊண்டிச்சினம். மாரியில ஊண்டின பூவரசு முளைக்குமெண்டு அந்த ஊரில தெரியாத ஆக்கள் இல்லை. ராசமலருக்கும் தெரியும். ஆனால் அண்டைக்கு அவளுக்கு இருந்தது ஒரே நினைப்பு. பிள்ளை சூளையில எரியக் கூடாது.

மாரி வந்தது, கட்டையெல்லாம் துளிர்த்தது. பிறகு கோடையில வெக்கையோட கச்சான் காத்து வந்தது, கன்றெல்லாம் கருகிச்சு. இராகுலன் வந்து பார்த்துத் தலையில கை வைச்சான். பிறகு சிரிச்சான்.

"அக்கா, நட்டது செத்துப் போச்சு, முட்டுக்கு வைச்சது மரமாயிட்டுது."

பச்சையாய் நிண்டால் போதும், எந்த மரமெண்டு ஆர் கேக்கப் போகினமெண்டு கொழும்பில சொல்லிப் போட்டினமாம். காசு குடுத்த வெள்ளைக்காரரின்ர பேர் எழுதின சின்னத் தகடுகள் வந்தது, மரத்துக்கு ஒண்டாய்க் கட்ட. பின்னேரம் முழுக்கப் பெண்டுகள் கம்பி சுத்திக் கட்டிச்சினம்.

பொழுது சாயேக்க ராசமலர் அவனிட்டைப் போனாள்.

"தம்பி, ஒரு வெறுந்தகட்டில நான் சொல்லுற பேரை எழுதித் தருவியளோ?"

"ஆற்ர பேர்?"

"நிருசா."

அவன் அவளின்ர முகத்தைப் பார்த்தான், வடிவாய் எழுதிக் குடுத்தான்.

"எந்த மரத்தில கட்ட, அக்கா?"

அவள் தகட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். முன்னம் ஒரு வரிசைக்குள்ள எங்கேயோ இருந்த பிள்ளை இப்ப காணி முழுக்க இடுப்பளவுக்கு நிண்டது. இஞ்சாலயும் சரசரப்பு, அங்காலயும் சரசரப்பு. ஒரு மரத்தில கம்பியைச் சுத்தினாள். பக்கத்து மரம் அசைஞ்சது. கழட்டிக்கொண்டு அங்க போனாள். அங்க போக, பின்னால அசைஞ்சது.

குடாவுக்கு அங்கால திருகோணமலைத் துறைமுகத்தில கப்பல் வெளிச்சங்கள் பத்தத் துவங்கிச்சு. இராகுலன் மோட்டச்சைக்கிளை உதைச்சுப் போட்டு அவளைக் கூப்பிட்டான்.

"நாளைக்குக் கட்டுறன் தம்பி" எண்டாள்.

வெள்ளைக்காரரின்ர பேரெல்லாம் காத்தில ஆடிக்கொண்டு நிக்குது. நிருசாவின்ர தகடு இன்னும் தாயின்ர மடியிலதான் கிடக்கு.